"ஓலைதானே" என்று சொல்லாதீர்கள்

சென்ற வருடம் எங்கள் பகுதியில் நடந்த ஒரு கைப்பணிச் சந்தைக்குப் போயிருந்தேன். வாசலோரத்து மேசை ஒன்றில் ஒரு தாய் பத்துப் பன்னிரண்டு பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். பனஞ்சார்வில் இழைத்த பெட்டிகள். தையற்கடையில் பொறுக்கிய துண்டுத் துணிகளை நாடாவாக வெட்டி விளிம்புக்குத் தைத்திருந்தார். உள்ளே பூப்போட்ட பழஞ்சீலையில் ஓர் உறை. மூடியில் அதே சீலையை முறுக்கிச் செய்த ஒரு பிடி. பார்க்க வடிவாக இருந்தன.

வாகனத்தில் வந்திறங்கிய ஒருவர் விலை கேட்டார். 600 ரூபா என்றார் தாய். "ஓலையும் வெட்டித் துணியுந்தானே அம்மா, அறுநூறா?" என்று வந்தவர் சிரித்தார். தாய் மறுமொழி சொல்லவில்லை. கடைசியில் பெட்டி 350 ரூபாவுக்குப் போயிற்று.

ஆள் போன பிறகு நான் கேட்டேன், "ஒரு பெட்டிக்கு எவ்வளவு நேரம் செல்லும் அக்கா?"

"ஆர் தம்பி மணி பார்த்தது? சமைச்சு, பிள்ளையளைப் பள்ளிக்கு அனுப்பிப்போட்டுச் சும்மா இருக்கிற நேரத்திலை இழைக்கிறதுதானே" என்றார் அவர்.

வந்தவர் சொன்ன "ஓலைதானே" என்ற சொல்லும், அக்கா சொன்ன "சும்மா இருக்கிற நேரம்" என்ற சொல்லும் ஒன்றுக்கொன்று உறவு. முதலாவது, பொருள் சும்மா வந்தது என்கிறது. இரண்டாவது, உழைப்பும் சும்மா வந்தது என்கிறது. இந்த இரண்டு சொற்களையும் விடாதவரை ஓலைப்பணியும் துணிப்பணியும் இடம்பெயர்ந்த குடும்பம் எதையும் தூக்கி நிறுத்தப்போவதில்லை. ஓலை காசில்லாமல் வரலாம். துணியும் காசில்லாமல் வரலாம். கை காசில்லாமல் வரக்கூடாது. இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்.

நெல்லால் அளந்த கடகம்

எங்கள் குடும்பம் 1990 ஜூன் மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியது. செம்மண் தோட்டம், வெங்காயம், வாழை, வேலியோரம் பனை என்று இருந்தவர்கள். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதுமே எழும்பியபோது தென்மராட்சிக்குப் போய், பின் கிளாலிக் கடலால் வன்னிக்கு வந்து சேர்ந்தோம். மண்வெட்டியைக்கூட விட்டுவிட்டு வந்த அம்மா, ஓலை வாரும் சத்தகத்தை மட்டும் கொட்டைப்பெட்டிக்குள் வைத்து எடுத்து வந்திருந்தார்.

1996 இல் நாங்கள் இருந்த கொட்டிலைச் சுற்றி வயல். அரிவி வெட்டு முடிந்த காலம். அம்மா வடலி ஓலை கேட்டு வாங்கி, வார்ந்து, இரண்டு கடகம் இழைத்து நார் வைத்துப் பொத்தினார். வயற்காரர் ஒருவர் கடகத்தைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே கைமுட்டியால் அமத்திப் பார்த்தார். கடகம் ஒன்றுக்கு நாலு கொத்து நெல் அளந்து தந்தார். அம்மா கேட்கவும் இல்லை, அவர் பேரம் பேசவும் இல்லை. கடகம் என்றால் என்ன, அதற்கு எவ்வளவு வேலை, அது எத்தனை போகம் நின்று பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தவன் "ஓலைதானே" என்று சொல்லமாட்டான்.

அந்த நாலு கொத்து நெல்லை நான் இன்று நினைப்பது பழம்பெருமை பேசுவதற்காக அல்ல. அன்று அம்மாவுக்குக் கிடைத்தது நிவாரணமும் அல்ல, இரக்கமும் அல்ல. அது விலை. பின்வந்த காலத்தில் எங்கள் கைப்பணிக்குக் கிடைத்தது பெரும்பாலும் இரக்கமே.

பயிற்சி முடிந்த மறுநாள்

2009 இற்குப் பின் முகாமிலிருந்தும் மீள்குடியேறிய கிராமங்களிலிருந்தும் எத்தனையோ பெண்கள் கைப்பணிப் பயிற்சிக்குப் போனார்கள். எங்கள் கிராமத்திலும் நடந்தது. 25 பெண்கள், 10 நாட்கள். 25 பேருக்கும் ஒரே பேனைக் கூடு, ஒரே பூச்சாடி, ஒரே கைப்பை. பதினோராம் நாள் சான்றிதழும் படமும். பிறகு 25 வீட்டிலும் 25 பேனைக் கூடுகள். ஒரு கிராமத்தில் எத்தனை பேனைகள் இருக்கின்றன? பயிற்சி தந்தவர்கள் அடுத்த கிராமத்துக்குப் போய்விட்டார்கள். அங்கும் அதே பேனைக் கூடு.

கொடுத்தவர்களைக் குறைசொல்வது எனது நோக்கமல்ல. அவர்கள் இழைக்கக் கற்பித்தார்கள். துணி வெட்டக் கற்பித்தார்கள். சாயம் காய்ச்சக் கற்பித்தார்கள். கணக்குப் பார்க்க மட்டும் ஒருவரும் கற்பிக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தோட்டக்காரருக்குக் கணக்குப் புதிதா? ஒரு பரப்பு வெங்காயத்துக்கு விதைக்கு எவ்வளவு, பசளைக்கு எவ்வளவு, இறைப்புக்கு எவ்வளவு, கிண்டுகூலி எவ்வளவு என்று படிக்காத அப்புவும் விரல்மடித்துச் சொல்வார். அதே வீட்டில் பெண்கள் இழைக்கும் பெட்டிக்கு மட்டும் கணக்கில்லை.

ஒரு பெட்டியின் கணக்கு

அந்த அக்காவோடு இருந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். ஓலையைக் காயவிட்டு, ஈர்க்குக் கழித்து, சத்தகத்தால் வார்ந்து, சாயம் போடுவதை மொத்தமாகச் செய்தால் ஒரு பெட்டிக்கு முக்கால் மணி. இழைக்க 3 மணி. துணியைக் கழுவி, வெட்டி, உறையும் விளிம்பும் தைக்க ஒன்றேகால் மணி. ஆக 5 மணி நேரம். நூல், சாயம், ஊசி, சந்தைக்குப் போன பஸ்காசு எல்லாம் பங்கிட்டால் ஒரு பெட்டிக்கு 100 ரூபா.

350 ரூபாவில் 100 ஐக் கழித்தால் மிச்சம் 250. அதை 5 மணியால் பிரித்தால் மணிக்கு 50 ரூபா. எட்டு மணி நேரம் குனிந்திருந்து இழைத்தால் 400 ரூபா. களை பிடுங்கப் போனால் நாளுக்கு 1,600 ரூபா என்று ஒரு கதைக்கு வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர்க் கூலியை நீங்கள் போட்டுப் பாருங்கள். அப்படியானால் பெட்டி இழைத்தவருக்குக் கிடைத்தது களை பிடுங்கியவருக்குக் கிடைப்பதில் காற்பங்கு. அதே கூலி தேற வேண்டுமானால் அந்தப் பெட்டி 1,100 ரூபாவுக்குப் போகவேண்டும்.

அக்கா தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் அவருக்கு எழுநூற்றைம்பது ரூபா குடுத்தெல்லோ அனுப்பியிருக்கிறன்" என்றார். இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

1,100 ரூபாவுக்கு யார் வாங்குவார்?

நியாயமான கேள்விதான். பிளாஸ்ரிக் கூடை இருக்க ஓலைப் பெட்டியை அந்த விலைக்கு யார் தூக்குவார்? எனது பதில் மூன்று.

முதலாவது, கூலியைக் குறைக்காமல் நேரத்தைக் குறையுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே ஓலை வார்வதைவிட, நாலு வீட்டார் கூடி ஒருநாளில் வார்ந்து, அளவளவாகக் கட்டி வைத்தால் நேரம் மிஞ்சும். துணியையும் கிழமைக்கு ஒருமுறை சேர்த்துக் கொதிநீரில் கழுவுங்கள். சுருங்குகிற துணியும் சாயம் போகிற துணியும் அப்போதே தெரிந்துவிடும். பெட்டியில் தைத்த பிறகு தெரிந்தால் பெட்டியே கழிவு. விளிம்பு நாடாவைத் துணியின் நூலோட்டத்துக்குக் குறுக்காக, மூலைவாட்டில் வெட்டினால் அது இழுபட்டு வளைவோடு படியும். நேராக வெட்டியதைச் சுருக்கிச் சுருக்கித் தைக்க இரட்டிப்பு நேரம் போகும். பசை வேண்டாம். மாரியில் பசை விடும், பூச்சியும் வரும். உள்ளுறையைக் கழற்றிக் கழுவக்கூடியதாக நாடா வைத்துக் கட்டுங்கள். ஓலையை அடிக்கடி கழுவ முடியாது, துணியைக் கழுவலாம். வாங்குபவருக்கு அதை எடுத்துச் சொன்னால் விலைக்குக் காரணமும் சொல்லியாயிற்று.

இரண்டாவது, பிளாஸ்ரிக் செய்ய முடியாததைச் செய்யுங்கள். நீத்துப்பெட்டியில் அவித்த பிட்டுக்குள்ள பதம் வேறு. ஓலை ஆவியை விடும், வேர்வையை உறிஞ்சும். பிளாஸ்ரிக்கில் பிட்டு அவிக்க முடியாது. சுளகில் புடைக்கிற மாதிரிப் பிளாஸ்ரிக் தட்டில் புடைக்க முடியாது. சுடுசோற்றுப் பாத்திரத்தை வைக்கத் திருகணி, ஒடியலும் பனங்கட்டியும் போட்டுவைக்க மூடற்பெட்டி, குட்டான். இவற்றுக்கு வீடுகளில் இன்றும் வேலை இருக்கிறது. துண்டுத் துணியும் அப்படியே. மீன் வாங்க உமல், மரக்கறி வாங்கத் துணிப்பை வைத்த ஓலைக்கூடை, பள்ளிப் பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டிக்கு ஓர் உறை. 2017 செப்டெம்பரில் சாப்பாட்டுத் தாளும் ரெஜிபோம் பெட்டியும் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டன. ஒரு சாமானைச் சட்டம் தடுத்தால் அந்த இடத்துக்கு வேறொன்று வரவேண்டும். அந்த இடத்தைப் பார்த்து இழைப்பதே தொழில். கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கும் பொருளை ஒருவர் வாழ்நாளில் ஒருமுறை வாங்குவார். பிட்டு அவிக்கும் பெட்டி பழுதாக மறுபடியும் வருவார்.

மூன்றாவது சிலருக்குக் கசக்கும். கணக்குப் பார்த்து, நேரத்தைக் குறைத்து, சாமானையும் மாற்றிப் பார்த்து, அப்பொழுதும் நாட்கூலி தேறவில்லையென்றால் அந்தச் சாமானை நிறுத்திவிடுங்கள். களை பிடுங்கப் போங்கள், ஆடு வளருங்கள், கத்தரி நடுங்கள். கைப்பணி நமது பண்பாடு, அது அழியக்கூடாது என்று மேடையில் பேசுபவர்கள் அதன் நட்டத்தைத் தங்கள் வீட்டில் தாங்குவதில்லை. பண்பாட்டைக் காக்கும் செலவைக் கொட்டிலில் இருக்கும் விதவையின் தலையில் போடுவது எந்த ஊர் நியாயம்?

பெட்டி அழுகாது

வெங்காயம் செய்தவர்களுக்கு ஒன்று தெரியும். விலையை நாங்கள் வைப்பதில்லை, வியாபாரி வைக்கிறான். ஏன்? வெங்காயம் அழுகும். லொறி வந்து நிற்கும்போது கொடுக்காவிட்டால் நட்டம் எங்களுக்கே. அந்தப் பழக்கத்தில்தான் பெட்டியையும் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறோம்.

ஆனால் பெட்டி அழுகாது. நன்றாகக் காயவிட்டு, மாரியில் பூஞ்சணம் பிடிக்காமல் அடுப்பங்கரையில் புகைபடும் பரணில் வைத்தால் அடுத்த சந்தைவரை காத்திருக்கும். அடுத்த திருவிழாவரையும் காத்திருக்கும். வாழ்க்கையில் முதல் தடவையாகக் காத்திருக்கக்கூடிய ஒரு விளைச்சல் எங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பலத்தை ஒருவர் தனியே வைத்திருக்க முடியாது. பக்கத்து மேசையில் இருப்பவர் 350 க்கு விட்டால் என் 1,100 நிற்காது. ஆகவே ஒரு கிராமத்தில் இழைப்பவர்கள் சேர்ந்து, இன்ன சாமானுக்கு இன்ன விலை, அதற்குக் கீழே ஒருவரும் கொடுப்பதில்லை என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அவசரக் காசு தேவைப்படுபவருக்குச் சங்கம் முற்பணம் கொடுத்துப் பெட்டியைப் பொறுப்பெடுக்க வேண்டும். சீட்டுப் பிடித்துப் பழகிய எங்கள் பெண்களுக்கு இது பெரிய வித்தையல்ல.

இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் சமசெற் என்ற பகுதியின் தாழ்நிலங்களில் வில்லோ என்னும் செடியைக் கூடை இழைப்பதற்கென்றே பயிரிடுகிறார்கள். தடியை ஊன்றினால் வேர்விடும். ஒவ்வொரு மாரியிலும் அடியோடு வெட்ட, மறுவருடம் மீண்டும் நெடுநெடுவென வளரும். 1950 களின் பின் பிளாஸ்ரிக்கும் காட்போட் பெட்டியும் வர அந்தத் தொழில் பெரிதும் ஒடுங்கிப்போயிற்று. ஆனால் அழியவில்லை. வெப்பக்காற்றுப் பலூனில் ஆட்கள் நிற்கும் கூடையை இன்றும் வில்லோவாலேயே இழைக்கிறார்கள். அது பாரமில்லாதது; நிலத்தில் இடித்தால் உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். பிணப்பெட்டியும் இழைக்கிறார்கள். பிளாஸ்ரிக் போட்டிபோட முடியாத இடத்தைத் தேடிப் போனதால் அந்தத் தொழில் தங்கியது. மலிவாகக் கொடுத்துத் தங்கவில்லை.

எங்கள் வில்லோ

எங்களுக்கு வில்லோ என்பது பனை. அதிலும் வடலி. ஆனால் இடம்பெயர்ந்தவரிடம் பனை ஏது? ஷெல்லடியில் தலையிழந்த பனைகளையும், பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறித்த பனைகளையும் கண்டவர்கள் நாங்கள். 2009 இற்குப் பின் கட்டங்கட்டமாகக் காணி விடப்பட்டபோது, வேலி எது, வளவு எது என்று தெரியாத பற்றைக்குள் நின்றோம். இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாத குடும்பங்களும் உண்டு. அவர்கள் ஓலைக்கு இன்னொருவர் வளவைப் பார்த்து நிற்கவேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், ஓலை சும்மா வருகிறது என்பதும் முழு உண்மையல்ல. ஒரு பனை ஆண்டொன்றுக்கு விடும் ஓலை ஏறக்குறைய ஒரு டசினளவே. வருகிற குருத்தையெல்லாம் வெட்டினால் மரம் தேயும். வளவுக்காரரோடு வாய்ப்பேச்சில் நில்லாமல், எத்தனை வடலி, வருடத்துக்கு எத்தனை சார்வு, அதற்குக் காசா அல்லது இரண்டு கடகமா என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கிறவருக்கும் மதிப்பு, வாங்குகிறவருக்கும் மதிப்பு.

பனங்காய் விழும் காலத்தில் கிழங்குக்குப் பாத்தி போடும்போது, ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் பத்து விதையை எடுத்து எல்லையோரம் ஊன்றுங்கள். தண்ணீர் கேட்காது, பசளை கேட்காது. ஆடு மாடு கடியாமல் முதற் சில வருடங்கள் பார்த்துக்கொண்டால் போதும். காய்க்க இருபது வருடம் செல்லும் என்று பயப்பட வேண்டாம். இழைப்பவருக்குக் காய் தேவையில்லை. அதற்கு முந்தியே வடலி ஓலை தரும். "இது எங்கள் காணியல்லவே, நட்டு என்ன பயன்?" என்று கேட்பவர்கள் உண்டு. 1990 இல் இரண்டு கிழமையில் திரும்பிவிடுவோம் என்று நினைத்துத்தான் நாங்களும் ஒன்றும் நடாமல் இருந்தோம். அன்று இருந்த இடத்தில் பத்துப் பனை நட்டிருந்தால், நாங்கள் போனபின் வந்த இன்னொரு குடும்பமாவது இன்று ஓலை வெட்டியிருக்கும்.

வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை

பனை அபிவிருத்திச் சபை 1978 இல் உருவானது. அதைப் போல அரசின் பொறுப்பில் உள்ளவர்களிடமும், எங்களுக்குப் பயிற்சி தரும் நிறுவனங்களிடமும், எங்கள் பங்குச் சபைகளிடமும் கேட்பது ஒன்றே. இரக்கத்துக்கு வாங்காதீர்கள், தேவைக்கு வாங்குங்கள். ஆண்டுக்கொருமுறை கண்காட்சி வைத்து, ஆளுக்கொரு பெட்டி வாங்கி, படம் எடுத்துக்கொண்டு போவது உதவியல்ல. கருத்தரங்கு நடத்துகிறீர்கள், கோப்பு வைக்கப் பிளாஸ்ரிக் பை கொடுக்கிறீர்கள். திருவிழா நடத்துகிறீர்கள், பூவும் பிரசாதமும் பிளாஸ்ரிக் கூடையில் போகின்றன. "கைப்பணியை வளர்ப்போம்" என்ற சுவரொட்டிக்குக் கீழேயே ரெஜிபோமில் சாப்பாடு கொடுத்ததை நான் கண்டிருக்கிறேன். வருடத்தில் எத்தனை பை, எத்தனை தட்டம், எத்தனை கூடை வேண்டும் என்று ஆறு மாதத்துக்கு முந்தியே சொல்லுங்கள். பாதிக் காசை முன்னே தாருங்கள். பேரம் பேசாதீர்கள். ஒரு வருட முன்பதிவு பத்துப் பயிற்சிக்குச் சமம்.

எங்கள் ஆட்களுக்கும் ஒன்று. பெட்டி இழைப்பது இன்னாருடைய வேலை, நாங்கள் தோட்டக்காரர் என்று ஒதுங்கும் எண்ணம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. வீட்டுக்கு இழைத்தால் கெட்டித்தனம், விற்க இழைத்தால் குறைவு என்கிறார்கள். முகாமில் ஒரே வரிசையில் ஒரே வாளியோடு தண்ணீருக்கு நின்றவர்களுக்கு இந்தப் பேச்சு அழகல்ல. விற்பதில் குறைவில்லை. நட்டத்துக்கு விற்பதிலேயே குறைவு இருக்கிறது.

அந்த அக்காவை அண்மையில் மீண்டும் கண்டேன். கைப்பிடி வைத்த சோடனைப் பெட்டியை விட்டுவிட்டார். நீத்துப்பெட்டியும், துணியுறை போட்ட சந்தைக்கூடையும் மட்டும் இழைக்கிறார். முன்னையைவிடக் குறைவாகவே இழைக்கிறாராம். மிச்ச நாட்களில் தோட்ட வேலைக்குப் போகிறாராம். வீட்டுச் சுவரில் ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தைக் கொழுவி வைத்திருக்கிறார். அதில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நூற்காசு, பஸ்காசு எல்லாம் பென்சிலால் எழுதியிருக்கிறது. நான் போயிருந்த நேரம் ஒருவர் வந்து கூடைக்கு விலை கேட்டார். அக்கா சொன்னார். "ஓலைதானே அக்கா..." என்று அவர் தொடங்கினார்.

அக்கா வார்ந்த ஓலைக் கட்டொன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "ஓலை வேணுமெண்டால் சும்மா கொண்டு போங்கோ தம்பி. கூடைக்குத்தான் காசு" என்றார்.

நாங்கள் எல்லோரும் சொல்லப் பழக வேண்டிய மறுமொழி இதுவே.